மாடிக்கு ஒரு சவாரி

மகன் காசு செலவழிக்காமல் மொட்டை மாடியிலேயே ஒரு ஜிம்மை உருவாக்கிவிட்டான். பெயிண்ட் டப்பாக்களில் சிமெண்டைக் கொட்டித் தண்ணீர்க் குழாயின் இரு முனையிலும் மாட்டினான். பளு தூக்கும் கம்பி தயார். பழைய கட்டில் பலகை பெஞ்சானது.

கால் விளங்காமல் கீழ் அறையில் கிடந்த அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அவன் தினமும் காலையில் தன்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறியதுதான்.

"இறக்கி விடுப்பா, உனக்கு மூச்சு வாங்குது."

"சும்மா இருங்கப்பா. இன்னொரு தடவை போயிட்டு வரலாம்."

"பெத்தா இப்படிப் பெக்கணும்," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அப்பா.

சாப்பாட்டிலும் மகன் குறை வைக்கவில்லை. "அவருக்கு இன்னும் கொஞ்சம் போடு, இளைச்சுப் போயிட்டாரு பாரு," என்று மனைவியை அதட்டுவான். அவன் மனம் கோணக்கூடாதென்று அப்பாவும் வயிறு முட்டச் சாப்பிட்டார்.

நேற்றுக் காலையும் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். மகனோ முதுகில் ஒரு சாக்குமூட்டையோடு அவர் அறையைத் தாண்டிப் போய்ப் படியேறத் தொடங்கினான்.

"தம்பி, என்னை மறந்துட்டியேப்பா!"

"இனிமே நீங்க வேணாம்ப்பா," என்றான் மகன், திரும்பிப் பாராமலே. "எவ்வளவு போட்டாலும் உங்களுக்கு எடை ஏற மாட்டேங்குது. இதுன்னா மணலை அள்ளிப் போட்டுக்கிட்டே போகலாம்."