இறங்காத கை

"கடைசி சுரம் அடங்கினதும் கையைச் சட்டுனு இறக்கிடாதீங்க மேஸ்ட்ரோ. எங்க ஊர்க்காரங்க வாசிப்பைவிட அதுக்கப்புறம் வர்ற மௌனத்தைத்தான் எடை போடுவாங்க" என்றாள் ஹெட்விக், வயலினுக்குச் சுருதி சேர்த்தபடி.

அலோய்ஸ் தலையாட்டினார். முதல் வயலின்காரி சொன்னதில் தப்பில்லை. டான்யூப் நதிக்கரையிலிருந்த அந்த ஊரில், இசைக்குழுவை நடத்துகிறவர் கையை இறக்குமுன் கைதட்டுவது தேவாலயத்தில் சீட்டியடிப்பதற்குச் சமம். ஆனால் அவளை நம்பத்தான் பயமாக இருந்தது. இசை இயக்குநர் பதவிக்கு மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர், போன வாரம் நடத்திக் காட்டிய ஸீக்பர்ட். அவள் ஸீக்பர்டுக்கு வேண்டியவள் என்று ஒத்திகையிலேயே யாரோ இவர் காதில் போட்டிருந்தார்கள்.

அடுத்தவர்களுக்கு உதவியாளராகவே இருந்து நரைத்துப்போனவர் அலோய்ஸ். இதுவும் கைநழுவினால், இனி மழலையர் பள்ளி ஆண்டு விழாவில்தான் குச்சி ஆட்ட வேண்டும்.

கச்சேரி பிரமாதமாகவே போனது. கடைசி சுரத்தில் உணர்ச்சிவசப்பட்டு, இடது கையைக் கூரையை நோக்கி ஒரே வீச்சாக வீசினார். தோளில் 'டக்'கென்று ஒரு சத்தம். இசை அடங்கியது. வலது கை இறங்கியது. இடது கை மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. யாரோ இருமலை விழுங்கினார்கள். டிரம்பெட்காரருக்குக் கண் பிதுங்கியது. முதுகுக்குப் பின்னால் ஓர் அம்மாள் விசும்பத் தொடங்கினாள்.

ஹெட்விக் வயலின் வில்லை இறக்கினால் போதும். மற்றவர்களும் இறக்குவார்கள், சபை புரிந்துகொண்டு கைதட்டிவிடும். கண்ணாலேயே கெஞ்சினார். அவள் அவர் தோளைப் பார்த்தாள், வழிகிற வியர்வையைப் பார்த்தாள். பிறகு வில்லை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பாவி, சமயம் பார்த்துக் கழுத்தறுக்கிறாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வலி பொறுக்காமல் வலது கையால் இடது கையைப் பிடித்து வெடுக்கென்று கீழே இழுத்தார். கூடவே "ஐயோ" என்று ஓர் அலறலும் வெளியே வந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

தேர்வுக் குழுத் தலைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவருடைய அறைக்கு வந்தாள். ஸீக்பர்டின் மௌனம் அழகுதான், ஆனால் உங்களுடையது சித்திரவதை என்று மனமாரப் புகழ்ந்தாள். அந்த அலறலை ஒவ்வொரு கச்சேரியிலும் வைக்க முடியுமா என்று விசாரித்தாள். பதவி உங்களுக்குத்தான் என்று கைகுலுக்கிவிட்டுப் போனாள்.

பின்னாலேயே ஹெட்விக் ஐஸ்கட்டியோடு வந்தாள். அலோய்ஸுக்கு மனசு ஆறவில்லை.

"என் கை மாட்டிக்கிட்டது உங்களுக்குத் தெரிஞ்சுதே?"

"நல்லாவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் வில்லை இறக்கலை. ஸீக்பர்ட் ஜெயிக்கணும்னு அவ்வளவு ஆசையா?"

"நான் இறக்கியிருந்தா, உங்களுக்குச் சம்பிரதாயமா கைதட்டிட்டு, வேலையை அவருக்குக் கொடுத்திருப்பாங்க." ஹெட்விக் ஐஸ்கட்டியை அவர் தோளில் வைத்து அழுத்தினாள். "நான் பாத்திரம் கழுவறப்பவே பக்கத்துல நின்னு தாளம் போட்டுக் காட்டற மனுஷன் அவர். இங்கேயும் என் புருஷனே வந்து குச்சியை ஆட்டினா, நான் எங்கே போவேன் மேஸ்ட்ரோ?"