பனிவண்டியின் புது எஞ்சின்

பனிமலை அடிவாரத்தில் ஒருவன் தன் பனிவண்டிக்குப் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினான். பின்னால் ஒரு சறுக்குப் பலகையைக் கட்டி, விறகேற்றி, உச்சியிலிருந்த குடிசைக்கு அனுப்பினான்.

“அண்ணே, மெதுவாப் போங்க. விறகு சரியுது” என்று பலகை கெஞ்சியது.

“இந்த எஞ்சினுக்கு மெதுவாப் போகத் தெரியாதுடா” என்றது வண்டி.

குடிசையை அடைந்ததும், “இவ்வளவு சீக்கிரம் யாராவது வந்திருக்காங்களா?” என்று கேட்டது.

“அது இருக்கட்டும்பா. குழந்தை குளிர்ல நடுங்குது, விறகைக் கொடு” என்றது அணையும் தறுவாயில் இருந்த அடுப்பு.

வண்டி திரும்பிப் பார்த்தது. பலகையில் ஒரே ஒரு கட்டைதான் மிஞ்சியிருந்தது. வந்த தடத்தைப் பனி மூடிக்கொண்டிருந்தது.

அடுப்பு அந்தக் கட்டையை வாங்கிக்கொண்டது.

“இது எரிஞ்சு முடியறதுக்குள்ள மத்ததைத் தேடி எடுத்துட்டு வந்துடு” என்றது.