எதிர்க்கூண்டு

“அரசுத் தரப்பு முதல் சாட்சி” என்று கோர்ட் டவாலி கூப்பிடுகிறார். அது தன்னைத்தான் என்று ஜெயக்கொடிக்கு விளங்கவில்லை. ஏட்டு சைகை காட்டியதும் எழுந்துபோய், கண்ணில் முதலில் பட்ட மரக்கூண்டுக்குள் ஏறிவிடுகிறாள். அதற்குள் ஒச்சப்பன் நிற்கிறான். அவள் புருஷனை வெட்டிக் கொன்றதாக வழக்கில் இருக்கும் கொழுந்தன். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்தான். சிரிக்க வாயெடுத்த வக்கீல்கள் அடங்கிப்போகிறார்கள். “ஆளு அடையாளம் தெரியலன்னு சொல்லிரு” என்று பேசி முடித்து அவளை எழுமலையிலிருந்து கூட்டிவந்த சொந்தங்கள் பெஞ்சு நுனிக்கு நகர்கிறார்கள். ஒச்சப்பன், வீட்டுப் பழக்கத்தில், ஒதுங்கி இடம் விடுகிறான். “இது இல்ல மதினி, ஒங்களுக்கு அந்தப் பக்கம்.” அவள் இறங்கி, அறையைக் குறுக்காகக் கடந்து, எதிர்க்கூண்டில் ஏறுகிறாள். ஜன்னல் வெயிலில் அவள் முன்கை வெட்டுத் தழும்பு பளபளக்கிறது. அரசு வக்கீல் வழக்குக் காகிதங்களிலிருந்து தலை தூக்காமல் கேட்கிறார்: “வெட்டுன ஆளு இங்க இருக்காராம்மா?” அவள் கை தூக்கிக் காட்டவில்லை. “இப்ப மதினின்னு கூப்பிட்டாருல்ல, அவருதேன்யா. அன்னைக்கும் வாசல்ல நின்னு இப்பிடித்தேன் கூப்பிட்டாரு. நாந்தேன் கதவத் தெறந்துவிட்டேன்.”