ஐந்தாவது பெயர்

பின்னூட்டத்தை மூன்று முறை படித்தான். எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து நான்காவது முறையும் படித்தான்.

"வணக்கம் ஐயா. நீங்க போட்ட குடும்ப அட்டையில அஞ்சாவதா ஒரு பேர் இருந்திருக்கணும். மருதாயி. எங்கம்மா. எட்டு வயசுல கொழும்பில ஒரு வீட்டுக்கு வேலைக்கு விட்டிருந்தாங்களாம். இப்ப இங்க பொகவந்தலாவை தோட்டத்துல எங்களோடதான் இருக்காங்க. அவங்கம்மா, எங்க அம்மாயி, உசுரோட இருக்காங்களான்னு கேக்கச் சொன்னாங்க. ஒருக்கா பேசணுமாம்."

கீழே ஒரு தொலைபேசி எண்.

ஐந்தாவது பெயர் இருக்கத்தான் செய்தது. அவன்தான் வெட்டினான்.

இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் அட்டை அது. தாத்தா, அப்பத்தா, அப்பா, அம்மா, அதற்குக் கீழே அக்கா. அக்காவின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் "வரவில்லை" என்று யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து. அன்று அவன் பிறந்திருக்கவில்லை. கொழும்புக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை, கப்பல் தேதி காத்திருக்கவில்லை. நாலு பேர் ஏறினார்கள்.

அந்த அட்டையைத்தான் அவன் தன் வலைப்பூவில் போட்டான், நாலு பெயரோடு.

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு அவன் கருத்துச் சொல்லாத கடல் கிடையாது. சீனக் கப்பலா, அவனிடம் கேளுங்கள். தேர்தல் கூட்டணியா, அதற்கும் அவனே. பத்து வருஷமாக எழுதினான், பத்துப் பேர் படித்தார்கள். இந்த ஒரு பதிவுதான் பிய்த்துக்கொண்டு போனது.

"ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது என்பது மேடை அழுகை. என் குடும்பமே சாட்சி. ஒருவரும் விடுபடாமல் வந்து சேர்ந்தோம்."

ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் அதைப் பகிர்ந்தார். சென்னைப் பதிப்பகம் ஒன்று கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீடு. பின்னட்டையில் அந்த வரிதான்.

திரையில் இரண்டு பொத்தான்கள். அனுமதி. அழி.

ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் அந்த வரி போனால் கட்டுரையும் போய்விடும், தூதரும் போய்விடுவார்.

அழித்தான்.

எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை. குறித்து வைத்தால் என்றைக்காவது மனசு இளகிவிடும் என்று அவனுக்கு அவன்மேலேயே பயம். அந்த ஆள் மறுபடி எழுத முடியாதபடி தடுத்தும் வைத்தான்.

கதவு தட்டப்பட்டது.

அம்மா. ஆடி அமாவாசைக்குத் தலைகுளித்து, ஈர முடியை முடிந்திருந்தாள்.

"தம்பி, நெட்டுல போட்டியே. யாராச்சும் எழுதுனாங்களா?"

அக்காவின் பெயரையும் போட்டிருக்கிறான் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் பெட்டியைத் திறந்து அட்டையைக் கொடுத்தாள்.

"இல்லம்மா."

"ஒருத்தருமா எழுதல?"

"அம்பதாயிரம் பேரு பாத்துட்டாங்கம்மா. இருந்தா எழுதியிருக்க மாட்டாங்களா?"

இருந்தா. அந்தச் சொல்லை அவன் தெரிந்துதான் சொன்னான்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

வருஷா வருஷம் இந்த வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். தாத்தாவுக்கு ஒன்று, அப்பத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அக்காவுக்கும் போட்டுவிடலாம் என்று அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொன்னார். அம்மா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. சேதி வராத பிள்ளைக்கு எப்படி இலை போடுவது? ஐம்பது வருஷமாக அதில் அவள் இம்மியும் அசையவில்லை.

"அப்ப இன்னிக்கு அவளுக்கும் ஒரு எலை போட்டுரலாம்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முடிந்தது. பாவி, திறக்கத்தான் திறந்தான்.

"எலை இருக்காம்மா? வாங்கிட்டு வரட்டுமா?"

கடைக்குப் போய் வாங்கி வந்தான். கிழியாத இலையாகப் பார்த்து.

அம்மா மூன்று இலைக்கும் பரிமாறிவிட்டு நான்காவதன் முன்னால் தயங்கினாள். குழம்பை எடுத்தாள், திரும்ப வைத்தாள். தனியாகக் கொஞ்சம் சோற்றைக் குழையப் பிசைந்து, நெய்யும் சர்க்கரையும் சேர்த்து வைத்தாள்.

"சின்னப் புள்ள. காரம் தாங்க மாட்டா."

பொகவந்தலாவையில் அந்தச் சின்னப் பிள்ளைக்கு அறுபது தாண்டியிருக்கும்.

சூடம் ஏற்றினார்கள். ஆண்பிள்ளைதான் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அது அவர்கள் வீட்டு வழக்கம். அவன் கைகூப்பி நின்று தாத்தாவைக் கூப்பிட்டான். அப்பத்தாவை. அப்பாவை.

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

"மருதாயிக்கா, வந்து சாப்பிடு" என்றான்.

குரல் பிசிறவில்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கப்பலில் அழாதவள், வந்திறங்கிய மண்டபம் முகாமில் அழாதவள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"இந்நேரம் வரைக்கும் பட்டினி போட்டுட்டேனே தம்பி எம்புள்ளைய!"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.