காற்று வரும் வழி

"ரேஸ் ஓடேக்கை பிரேக் சூடாகுது அண்ணை. முன்னுக்கிருந்து காத்துப் போக ஒரு குழாய் பூட்ட வேணும்," என்றான் வந்தவன். கூட வந்தவன் காரை விட்டு இறங்கவேயில்லை.

சண்டை நேரத்தில் யாழ்ப்பாணத்தில் ஏது ரேஸ் என்று கனிசியஸ் கேட்கவில்லை. குருநகரில் வாகனம் திருத்தும் அவருடைய கராச்சுக்கு வேலை வந்தே பல நாளாயிற்று.

"ஆமிக் காம்ப் ஜீப்புக்குப் பிரேக் செய்தது நீங்கள்தானாம். திறமான வேலையாம்."

"ஓம், நான்தான்," என்றார் பெருமையாக.

முன் பம்பருக்குக் கீழே குழாயைப் பூட்டி, பிரேக் இருக்கும் சில்லுப் பக்கம் திருப்பினார்.

"அங்கை வேண்டாம். டிக்கிக்குள்ளை விடுங்கோ."

"டிக்கிக்குள்ளை என்ன பிரேக் இருக்குது தம்பி?"

வந்தவன் சிரித்தான். கனிசியஸுக்கு விளங்கிவிட்டது. யாரையோ ஒளித்துக் கொண்டுபோகப் போகிறார்கள். பாவம், மூச்சு முட்டக்கூடாது.

"ஆள் என்ன உயரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்கடை உயரம்தான்."

குழாயின் வாய் முகத்துக்கு நேரே வரும்படி இறுக்கிக் கட்டினார்.

"ஒருக்காப் படுத்துப் பாருங்கோ அண்ணை, காத்து வருதோ எண்டு."

முழங்காலை மடக்கிப் படுத்தார். "நிக்கிற காரிலை எப்பிடித் தம்பி காத்து வரும்? ஓடினால்தான் வரும்."

"ஓம்," என்றான் வந்தவன். டிக்கி மூடிக்கொண்டது. பூட்டுத் திரும்பியது.

வெளியே அவன் மற்றவனிடம் சொல்வது கேட்டது.

"ஆமிக்கு ஜீப் திருத்தினது தான்தான் எண்டு அவரே சொல்லிப்போட்டார். இயக்கத்துக்கு அது போதும். எடு காரை."

கார் வேகமெடுத்தது. காற்று நன்றாகவே வந்தது.