கூட்டத்தைக் குழப்ப வந்தவர்

குருநகர் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்த லெனாட் நெளிந்த நெளிவில் கதிரை முனகிய சத்தம் காங்கேசன்துறைத் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். மேடையில், மாநகரசபைத் தேர்தலில் நிற்கப்போகும் றெஜினா பேசிக்கொண்டிருந்தார்.

“எழும்பிக் கத்து அண்ணை!” பக்கத்திலிருந்த றோய் விலாவில் இடித்தான்.

“பயமாக் கிடக்கடா. அவள் அழுதிட்டாளெண்டால்?”

“அழட்டும். தேர்தலிலை நிக்கிற ஆளோ இல்லையோ எண்டு இண்டைக்கே தெரிஞ்சுபோம்.”

லெனாட் மாதாவை மன்றாடிக்கொண்டு எழும்பினார். புயலிலும் ஊரைக் கூப்பிடுகிற தொண்டை, எலிக்குஞ்சுபோலக் கீச்சிட்டது.

“ஏய்! வீட்டிலை சமைச்சுப்போட்டோ வந்தனீ?”

றெஜினா மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

“இல்லை! என்ரை மனுசனைச் சமைக்கச் சொல்லிப்போட்டு வந்தனான். அந்த மனுசன் அடுப்படியை விட்டிட்டு, அங்கை கடைசி வரிசையிலை நிண்டு கத்துது!”

பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் பறந்துவிடும்போல இருந்தது. பெண் வேட்பாளர்களுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிரதீபா ரீச்சர் கைதட்டினார்.

“குழப்பிறவைக்கு இப்பிடித்தான் பதில் சொல்லோணும், றெஜினா! கோவிக்காதையுங்கோ, நான் கேட்டுத்தான் அண்ணை கத்தினவர். அண்ணை, நாளைக்கு இன்னும் மோசமாக் கத்தோணும்.”

“கத்துறன் ரீச்சர். இண்டைக்கு நான் எங்கை படுக்கிறதெண்டு முதல் சொல்லுங்கோ.”