கடைசி ஓவர் இளங்கீரனுக்கு

கேதீஸ்வரன் பந்தைத் தன் வெள்ளைச் சட்டையில் துடைத்து, பிறந்தநாள் பரிசு கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் இளங்கீரனிடம் நீட்டினார். தோளில் கைபோட்டுக் காதில் ஏதோ சொல்லவும் செய்தார்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே வர்ணனை மைக்கோடு உட்கார்ந்திருந்த விமலநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பாத்தியே நித்தி? கப்டன் திரும்பவும் அவனிட்டையே குடுக்கிறார்!”

கடைசி ஓவர். எதிரணியான எசன் நகரக்காரர் வெல்லப் பன்னிரண்டு ஓட்டம் வேண்டும். இந்தக் கோடையில் இளங்கீரன் கடைசி ஓவர் போட்ட ஆட்டம் எல்லாமே கொலோன் அணிக்குத் தோல்விதான். இதுவும் போனால் 2005ஆம் ஆண்டுக் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான். அந்தக் கோப்பைக்காக வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் விமலநாதன்.

“அங்கை நரேஷ் சும்மா நிக்கிறான். ஆஹெனில இருந்து ரயிலேறி வந்த பொடியன். அவனுக்கு ஓவர் மிச்சம் கிடக்கு. இந்த மனுசனுக்குக் கண் தெரியேல்லையோ?”

“கண்ணெல்லாம் நல்லாத் தெரியும் அண்ணை,” என்றார் பக்கத்துக் கதிரையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நித்தியானந்தன். “கேதீஸ் மாப்பிள்ளை பிடிக்கிறார்.”

விமலநாதனின் வாய் கசந்தது. போன ஆவணியில் இளங்கீரனுக்கும் கேதீஸ்வரனின் தங்கை மைதிலிக்கும் கல்யாணம். மண்டபம் நிறையச் சனம். மைதிலி அலங்காரம் முடித்துக் காத்திருக்க, மாப்பிள்ளை வரவில்லை. விருப்பமில்லை என்று கைத்தொலைபேசியில் ஒரு வரிதான் வந்தது. “கலியாணம் நிண்டுபோச்சு, எல்லாரும் சாப்பிட்டுப் போங்கோ” என்று இதே மைக்கில் அறிவித்த பாவி விமலநாதன்தான்.

வேறு அண்ணன் என்றால் அவன் காலை முறித்திருப்பான். கேதீஸ்வரனோ பனிக்காலம் முடிந்ததும் தானே அவன் வீடு தேடிப் போய், பழையதை மறப்போம் என்று சொல்லி அணிக்குக் கூட்டிவந்தார். என்ன பெரிய மனது என்று கொலோன் முழுக்க மெச்சியது.

“கால்ல விழுந்தெண்டாலும் தங்கச்சியை அவனுக்கே கட்டிவைக்கப் பாக்கிறாரோ? ரோசம் எண்டு ஒண்டு வேண்டாமே?”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. மைதிலி அங்கைதான் இருக்கிறா.”

ஸ்கோர் மேசையில் மஞ்சள் தொப்பியோடு மைதிலி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளைக்கும் கோபமே வராதோ என்று விமலநாதனுக்கு வயிறெரிந்தது. ஒரு ஞாயிறுகூடத் தவறவிடாமல் வருகிறாள்.

மைதானத்தில் இளங்கீரன் பந்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். பயிற்சியில் ஸ்டம்பைப் பறக்கவிடுகிறவன்தான். நாலு பேர் பார்த்துச் சிரித்தால் பந்து எங்கேயோ போகும். “ஏலாது அண்ணை. நரேஷிட்டைக் குடுங்கோ,” என்று அவன் கெஞ்சியது எல்லைக்கோடு வரை கேட்டது. அணியை விட்டுப் போகவும் வழியில்லை. போனால், திரும்பவும் ஓடிவிட்டான் என்று ஊர் சொல்லும்.

கேதீஸ்வரன் பந்தை வாங்கவில்லை. ஸ்கோர் மேசைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். மைதிலி தலையை அசைத்தாள். ஓட்டக் கணக்கைச் சரிபார்க்கிறாராக்கும் என்று விமலநாதன் பல்லைக் கடித்தார்.

சரி, அண்ணனுக்கு இல்லாத ரோசத்தை நான் காட்டுகிறேன் என்று மைக்கை வாயருகே பிடித்தார். இன்றைக்கு அவனை விடுவதில்லை.

“அன்பான உறவுகளே! கடைசி ஓவர் போட வாறார், எங்கட சிக்ஸர் வள்ளல் இளங்கீரன்! எசன் சகோதரங்கள் மட்டையை ஆயத்தமா வச்சிருங்கோ!”

மைதானத்தைச் சுற்றி ஊளைச் சத்தம் எழுந்தது. ரோல்ஸ் பொரித்து விற்றுக்கொண்டிருந்த பெண்கள்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இளங்கீரனின் காது சிவந்தது.

முதல் பந்து நாலு. அடுத்தது வைட். அதற்கடுத்தது மரங்களுக்கு மேலால் ரைன் ஆற்றுப் பக்கம் பறந்தது.

“வள்ளலே, கொஞ்சம் எங்களுக்கும் மிச்சம் வையுங்கோ!” என்றார் விமலநாதன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கோப்பை போகிற கவலைக்கு நடுவிலும் அந்தச் சிரிப்பு அவருக்குத் தேனாக இனித்தது.

அடுத்த பந்தும் எல்லையைத் தாண்ட, எசன்காரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். “பந்து போடத் தெரியாட்டி வீட்டை இரடா!” என்று யாரோ கத்தினார்கள். நட்ட நடுவில் தனியாக நின்ற இளங்கீரன் தலையை நிமிர்த்தவேயில்லை.

அவனுக்குக் கொடுத்தது போதும், இனிக் கப்டனுக்குக் கொடுக்க வேண்டும் என்று விமலநாதன் எழுந்தார். இன்றைக்கு நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்று விறுவிறுவென ஸ்கோர் மேசைக்கு நடந்தார்.

கேதீஸ்வரன் தங்கையின் கதிரைக்கருகில் குந்தியிருந்தார். பின்னால் வந்து நின்றவரை அவர் பார்க்கவில்லை. தோற்றுப்போன முகமாகவும் அது இல்லை.

“அவனுக்கு இவ்வளவு போதுமோ, பிள்ளை?” என்று தங்கையிடம் கேட்டார்.

மைதிலி பேனாவை மூடினாள். தொப்பியைச் சற்று உயர்த்தி, மைதானத்தைச் சுற்றி நின்று இன்னமும் ஊளையிட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அண்டைக்கு மண்டபத்துக்கு வந்த சனத்தில பாதிகூட இண்டைக்கு வரேல்லை, அண்ணா.”